எட்டு மணி நேரம் படித்தும் வைவாவில் வாய் திறக்க முடியவில்லை

கேள்வி: பிசியோதெரபி முதலாண்டு மாணவி நான். பள்ளியில் உயிரியலில் எப்போதும் முதல் மதிப்பெண். இங்கே அனாட்டமி (உடற்கூறியல்) முதல் தேர்வில் தோற்றுவிட்டேன். பிசியாலஜியில் (உடலியங்கியல்) தட்டுத் தடுமாறித் தேறினேன். தினமும் 8 மணி நேரம் படிக்கிறேன். முக்கியமான வரிகளை மூன்று வண்ணங்களில் அடிக்கோடிடுகிறேன். இரவு 2 மணிக்குத்தான் படுக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "இந்த நரம்பு அறுபட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் ஒன்றுமே வருவதில்லை. டிசெக்‌ஷன் மேசையில் (இறந்த உடலை அறுத்துப் படிக்கும் இடம்) எதைக் காட்டினாலும் எனக்கு எல்லாம் ஒரே பழுப்பு நார்களாகத்தான் தெரிகிறது. என் ஞாபகசக்தியில் கோளாறா? வேறு படிப்புக்கு மாறிவிடலாமா? இன்னொன்று: வரைந்த படங்கள் உள்ள அட்லஸ் வாங்குவதா, நிஜ உடலின் புகைப்படங்கள் உள்ள அட்லஸ் வாங்குவதா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

ஞாபகசக்தியைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. அனாட்டமியையும் பிசியாலஜியையும் நீங்கள் ஒரே மாதிரிப் படிக்கிறீர்கள். அதே நாற்காலி, அதே மூன்று பேனாக்கள், அதே வரிவரியான வாசிப்பு. அனாட்டமி என்பது இடம் பற்றிய படிப்பு: எது எங்கே இருக்கிறது, அதன் முன்னால் எது, பின்னால் எது, எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது. பிசியாலஜி காரண காரியம் பற்றியது: ஒன்று குறைந்தால் அடுத்தது என்ன ஆகும், அதைச் சரிக்கட்ட உடல் என்ன செய்யும். முன்னதற்குக் கையும் கண்ணும் வேண்டும். பின்னதற்கு வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் வேண்டும். தெருப் பெயர்களை எழுதி மனப்பாடம் செய்துவிட்டு ஊரில் வழி தெரியவில்லை என்று வருந்துவதைப் போலத்தான் உங்கள் அனாட்டமி படிப்பு இருக்கிறது.

"படிக்கும்போது எல்லாம் புரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தில்தான் ஏமாந்துபோகிறீர்கள். திரும்பத் திரும்பப் படித்த பக்கம் பழகிய முகமாகிவிடுகிறது. பழக்கத்தை மனம் அறிவு என்று கணக்கெழுதிக்கொள்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரைக் கட்டுரையை மீண்டும் மீண்டும் வாசிக்கச் செய்தார்கள். இன்னொரு சாராரை வாசித்த பின் மூடி வைத்து நினைவிலிருந்து எழுதச் செய்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. எனவே இன்று முதல் படிக்கும் நேரத்தில் பாதியைப் புத்தகத்தை மூடிவைத்துச் செலவிடுங்கள். அந்த நேரம் எரிச்சலாக இருக்கும், ஒன்றும் தெரியாதது போலிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்று வண்ணப் பேனாக்களையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் வைவா கேள்விக்கு வருவோம். எந்த நரம்பு என்று நீங்கள் எழுதவில்லை. முன்கை வழியாக உள்ளங்கைக்கு வரும் மீடியன் நரம்பு என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் இடது கையை உள்ளங்கை மேலே தெரியும்படி மேசையில் வையுங்கள். கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுக்கொண்டு மணிக்கட்டை லேசாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் ஒரு நாண் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு) விறைத்து எழும்பும். அது பால்மாரிஸ் லாங்கஸ். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. உங்களுக்கு இல்லாவிட்டால் பதற வேண்டாம், கைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. தோழியின் கையில் பாருங்கள். அதற்கு அடுத்து, கட்டைவிரல் பக்கமாக, இன்னொரு பருத்த நாண்: ஃபிளெக்ஸார் கார்பி ரேடியாலிஸ். அதையும் தாண்டி விரலை வைத்தால் ரேடியல் தமனி துடிக்கிறது. மீடியன் நரம்பு இந்த இரண்டு நாண்களுக்கு நடுவே, பால்மாரிஸ் லாங்கஸுக்குச் சற்று அடியில் போகிறது. ஒரு பேனாவால் தோலின் மேலேயே அதை வரையுங்கள். இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகும். இந்த நான்கு பொருள்களின் வரிசை இனி உங்களுக்கு மறக்காது; மறந்தாலும் பார்த்துக்கொள்ள மணிக்கட்டு உங்களிடமே இருக்கிறது, தேர்வறையிலும்கூட.

அந்தக் கோட்டை உள்ளங்கைக்குள் நீட்டுங்கள். நரம்பு இப்போது கார்பல் டனலுக்குள் நுழைகிறது. மணிக்கட்டு எலும்புகள் வளைந்து தரையும் சுவரும் ஆகின்றன; ஃபிளெக்ஸார் ரெட்டினாகுலம் என்ற கெட்டியான பட்டை கூரை. உள்ளே விரல்களை மடக்கும் 9 தசைநாண்கள், அவற்றோடு இந்த ஒரு நரம்பு. எலும்பும் விரியாது, பட்டையும் விரியாது. உள்ளே சற்று வீக்கம் வந்தாலும் முதலில் நசுங்குவது நரம்புதான். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். நாளடைவில் கட்டைவிரலின் அடியில் உள்ள சதைமேடு வற்றும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதற்குரிய அல்நார் நரம்பு அந்தக் கூரையின் மேலே போகிறது. சதைமேட்டின் மேலுள்ள உள்ளங்கைத் தோலும் உணர்ச்சியோடுதான் இருக்கும். அதற்குப் போகும் கிளை டனலுக்குள் நுழைவதற்கு முன்பே பிரிந்து, கூரைக்கு வெளியே போய்விடுகிறது. வைவாவில் இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

"நரம்பு அறுபட்டால் என்ன ஆகும்?" என்றால், எந்த இடத்தில் என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும். அது திமிர் இல்லை. சரியான பதிலின் முதல் பாதி அதுதான். மணிக்கட்டில் அறுபட்டால் கட்டைவிரலின் சிறு தசைகளும் விரல்களின் உணர்ச்சியும் போகும். முழங்கைக்கு மேலே அறுபட்டால், முன்கையிலிருந்து கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகளை மடக்கும் தசைகளும் சேர்ந்து போகும். ஒரு நரம்பைப் படிப்பதென்றால் அது எங்கெங்கே கிளை விடுகிறது என்பதை வரிசையாகப் பிடிப்பதுதான்; மற்றதெல்லாம் அதிலிருந்து தானே வரும். ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ரேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்புறம் ஒட்டிச் சுற்றி வருகிறது. அந்த எலும்பு நடுவில் முறிந்து நரம்பு அடிபட்டவருக்கு மணிக்கட்டைத் தூக்க முடியாது, கை தொங்கிப்போகும். ஆனால் முழங்கையைப் பெரும்பாலும் நீட்ட முடியும். ஏன் என்று கிளைகளை வரைந்து நீங்களே கண்டுபிடியுங்கள். புத்தகம் பிறகு.

டிசெக்‌ஷன் மேசையில் எல்லாம் பழுப்பு நார்களாகத் தெரிவது உங்களுக்கு மட்டுமல்ல. அட்லஸில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். ஃபார்மலினில் பதப்படுத்திய உடலில் அந்த நிறங்கள் எதுவும் இல்லை. அங்கே கண்ணைவிட விரலை நம்புங்கள். தமனியை இரு விரல்களுக்கிடையே உருட்டினால் சுவர் தடித்த குழாயாக உணர்வீர்கள். சிரை மெல்லிய சுவருடன் தட்டையாக அமுங்கிவிடும். நரம்பு உள்ளீடற்றதாக இராது, கயிறு போல் திடமாக உருளும். தசைநாண் வெளிறிப் பளபளக்கும். அதை இழுத்தால் மறுமுனையில் ஏதோ ஒரு மூட்டு அசையும். சந்தேகம் வந்தால் பின்தொடருங்கள்: எங்கிருந்து வருகிறது, எதற்குள் போகிறது? பெயர் சொல்ல அதைவிட நம்பகமான வழி கிடையாது. மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கும்போது பின்வரிசையில் நின்றுகொண்டு எட்டிப் பார்ப்பவராக நீங்கள் இருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். முன்னால் போங்கள். கையுறை போட்டுத் தொடுங்கள்.

16ஆம் நூற்றாண்டின் உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் செய்ததும் அதுதான். அவர் காலத்தில் ஆசிரியர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூலை வாசிப்பார், வேறொருவர் கீழே அறுப்பார். வெசாலியஸ் தானே கத்தியை எடுத்தார். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பப்பட்டு வந்தது. கேலன் அறுத்துப் பார்த்ததெல்லாம் விலங்குகளை. அது ஒரே எலும்பு என்று 1543இல் வெளிவந்த தம் நூலில் வெசாலியஸ் எழுதினார். ஆகவே அட்லஸும் மேசையும் முரண்பட்டால் உடனே நீங்கள்தான் தவறு என்று முடிவு கட்டாதீர்கள். தமனிகளின் கிளைகள் ஆளுக்கு ஆள் மாறும். அட்லஸில் இருப்பது பெரும்பாலோரிடம் காணப்படும் அமைப்பு மட்டுமே.

பிசியாலஜிக்கு வருகிறேன். இதில் நீங்கள் தேறியிருக்கிறீர்கள் என்பதால் கவலை குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். முதலாண்டில் வரிகளை ஒப்பித்தே தேறலாம், பிறகு அது கைகொடுக்காது. ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து நிமிடம் படுத்திருந்து நாடியை எண்ணுங்கள். எழுந்து நின்று உடனே மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருக்கும். ஏன்? புத்தகத்தைத் திறக்காமல் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு எழுதுங்கள்.

நின்றதும் புவியீர்ப்பால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களிலும் வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் உள்ள சிரைகளில் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. குறைவாக நிரம்பும் இதயம் குறைவாகத்தான் தள்ளும். தமனி அழுத்தம் இறங்குகிறது. கழுத்தில் கரோட்டிட் சைனஸிலும் பெருநாடி வளைவிலும் உள்ள பேரோரிசெப்டர்களுக்கு (அழுத்த உணரிகள்) அது தெரிகிறது. இங்கேதான் வகுப்பில் பாதிப் பேர் சறுக்குவார்கள். "அழுத்தம் குறைந்தவுடன் பேரோரிசெப்டர்கள் தூண்டப்படுகின்றன" என்று எழுதுவார்கள். அவை தமனிச் சுவர் விரியும்போது தூண்டப்படுபவை. அழுத்தம் குறைந்தால் அவை அனுப்பும் சமிக்ஞையும் குறையும். அந்தச் சமிக்ஞை மூளைத்தண்டின் முகுளத்துக்குப் போய் வழக்கமாக இதயத்தை அடக்கி வைக்கிறது. சமிக்ஞை குறைந்ததும் அடக்குமுறை தளர்கிறது: இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி விடுபடுகிறது, அதை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் வேகம் கொள்கின்றன. நாடி ஏறுகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. எல்லாம் சில நொடிகளுக்குள்.

இந்தச் சங்கிலியைப் பிழையில்லாமல் எழுத வந்துவிட்டால், அடுத்த வேலை அதை உடைப்பது. உடலில் நீர் வற்றியவர் எழுந்தால் எந்த இடத்தில் சிக்கல்? இரத்தக் குழாய்களைச் சுருங்க விடாத மாத்திரை சாப்பிடுபவருக்கு? வாரக்கணக்கில் படுக்கையிலேயே இருந்தவரை முதல்முறையாக எழுப்பி நிற்க வைக்கிறீர்கள், அவருக்குக் கண் இருட்டுகிறது: ஏன்? கடைசியாகச் சொன்னது நாளைக்கு உங்கள் அன்றாட வேலை. அவரை முதலில் சற்று நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வையுங்கள் என்று மூத்தவர் சொல்வார். காரணம் அந்த அம்புக்குறித் தாளில் இருக்கும். இப்படி ஒரு வாரத்துக்கு ஒரு சங்கிலி போதும். சுவாசத்தை இரத்தத்தின் கரியமில வாயு எப்படி ஆள்கிறது, தைராய்டு சோர்ந்தால் அதை ஏவும் பிட்யூட்டரி சுரப்பி ஏன் அதிகமாகக் கத்துகிறது, தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் எப்படிச் சிக்கனம் பிடிக்கிறது. வரிசைப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறீர்களா? வேண்டாம், ஒன்றிலிருந்து ஒன்றைக் கணக்கிடுங்கள். ஓய்வில் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுவது சுமார் 70 மி.லி. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 1,200 மி.லி., சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரத்தத்தில் 55 சதவீதம் பிளாஸ்மா என்ற திரவப் பகுதி. ஆக 660 மி.லி. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வடிகட்டப்படுகிறது: நிமிடத்துக்கு 125 மி.லி. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். பெருக்கினால் 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவில். மீதி எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டால், சிறுநீரகத்தின் நெஃப்ரான் குழாய்கள் பற்றிய பாடத்தை இனி யாரும் உங்களைப் படிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இரத்தம் சுற்றி வருகிறது என்பதையே ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி இப்படிப்பட்ட ஒரு பெருக்கலைக் கொண்டுதான் வாதாடினார். உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, உடல் அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது என்பது அதுவரை இருந்த கருத்து. ஹார்வி ஒரு துடிப்புக்கு இவ்வளவுதான் என்று வேண்டுமென்றே குறைவாக மதிப்பிட்டுப் பெருக்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் இதயம் தள்ளுவது உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சியது. எவ்வளவு சாப்பிட்டாலும் அவ்வளவு புதிய இரத்தம் உண்டாக வழியில்லை. போனதுதான் திரும்பி வர வேண்டும். 1628இல் இதை அவர் வெளியிட்டபோது தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களை அவர் கண்டதில்லை. இத்தாலிய அறிஞர் மால்பிகி அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தது 1661இல்.

நினைவுச் சூத்திரங்கள், அதாவது முதலெழுத்துகளைக் கோத்துச் செய்யும் வேடிக்கை வாக்கியங்கள், தவறில்லை. மணிக்கட்டின் 8 எலும்புகளின் வரிசைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காரணம் ஒன்றும் தேட முடியாது. 12 மூளை நரம்புகளுக்குப் பாதி அளவில் போதும், ஏனென்றால் அவற்றின் எண்களே மூளையில் முன்னிருந்து பின்னாக அவை புறப்படும் வரிசையை ஒட்டியவை. காரணம் உள்ள எதற்கும் சூத்திரம் போடாதீர்கள்.

இரவு 2 மணி விவகாரத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டிப் படிப்பில் சேர்த்தால் படித்ததும் சேர்ந்து வெட்டுப்படும். 11 மணிக்குப் படுங்கள். 8 மணி நேரப் படிப்பு 5 மணி நேரமாகக் குறையட்டும். அதில் பாதி மூடிய புத்தகத்தோடு என்றால் இப்போதையதைவிட நிச்சயம் அதிகம் தேறும். இன்று வரைந்த கையை நாளை ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை வெற்றுத் தாளில் வரையுங்கள். ஒவ்வொரு முறையும் விடுபட்டதை மட்டும் சிவப்பில் சேருங்கள். ஒரு சிவப்புப் பேனாவை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

வைவாவில் சொற்கள் வராததற்கு இன்னொரு எளிய காரணம், அந்தச் சொற்களை நீங்கள் ஒருமுறைகூட உரக்கச் சொன்னதில்லை. கண்ணால் மட்டும் பழகிய பெயர் நாக்கில் ஏறாது. ஒரு தோழியைப் பிடித்து, மாறி மாறிக் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் கொடுத்தது என்ன, எந்தப் பக்கத்தது, அக்கம்பக்கத்தில் என்ன, இரத்தமும் நரம்பும் எங்கிருந்து வருகின்றன, அடிபட்டால் என்ன ஆகும் என்ற வரிசையில் பேசிப் பழகினால், பதற்றத்திலும் அடுத்து என்ன சொல்வது என்ற குழப்பம் இராது. தெரியாததற்குத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். தேர்வாளர்கள் பலரையும் நான் அறிவேன். தெரியாமை அவர்களுக்குக் கோபமூட்டுவதில்லை, இட்டுக்கட்டுவதுதான் கோபமூட்டும்.

படிப்பை மாற்றுவது பற்றி: இந்த ஒரு தேர்வை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அடுத்த தேர்வு வரை மேலே சொன்னபடி நடந்து பாருங்கள். அப்போதும் தோற்றால் நீங்கள் நினைவிலிருந்து வரைந்த தாள்களை எடுத்துக்கொண்டு உங்கள் ஆசிரியரிடம் போங்கள். மதிப்பெண் பட்டியலைவிட அவற்றில் அவருக்கு அதிகம் தெரியும். மனித உடலைத் தொடுவதிலும் அதைப் பற்றி யோசிப்பதிலும் உங்களுக்கு ஈடுபாடே இல்லை என்று தெரிந்தால் மாறுவதைப் பற்றிப் பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அட்லஸைப் பொறுத்தவரை, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் வரைந்த படங்கள் உள்ளதையே வாங்குங்கள். வரைபவர் தேவையற்றதை நீக்கித் தருவதால் முதலில் உருவம் மனத்தில் பதியும். புகைப்பட அட்லஸ் நூலகத்தில் இருந்தால், டிசெக்‌ஷனுக்கு முந்தைய நாள் மாலை அதே பகுதியின் பக்கத்தைத் திறந்து, பெயர்களை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு எத்தனை அடையாளம் தெரிகிறது என்று பாருங்கள். பழைய பதிப்பானாலும் பரவாயில்லை.